பொறுமையானவர், தள்ளலாம்

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மெக்கானிக் ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தான். ஏறி இறங்குகிறவர்களுக்கு லிஃப்ட் என்றால் கண்ணாடியும் பொத்தான்களும் உள்ள பெட்டி. அவனுக்கு அது கிரீஸ் பூசிய ஒரு கூரை. பதினெட்டு வருஷமாக அவன் பிழைப்பு அந்தக் கூரையில்தான் ஓடுகிறது. ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு திருகை முறுக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். முதலாளியின் கடை எண்.

முதலாளி என்றதும் அவனுக்குச் சம்பளம் கொடுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். அது அவன் காதலிக்கிற பெண். வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கர்ட்டன் தைத்து மாட்டிக்கொடுக்கிற தொழில் நடத்துகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாடகை அறையில் இரண்டே தையல் மெஷினோடு அவள் உட்கார்ந்திருந்த காலத்தில், "வாங்க முதலாளி" என்று கேலியாகத்தான் ஆரம்பித்தான். மெஷின் பதினாலு ஆனபிறகு அது கேலியா மரியாதையா என்று யாருக்கும் தெரியவில்லை, பெயர் நின்றுவிட்டது. பதிலுக்கு அவள் அவனை "மெக்கானிக் சார்" என்பாள். இருவரும் தனியாக இருக்கும்போதும் அப்படித்தான். தனியாக இருந்த நேரங்கள் குறைவு என்பதால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

டார்ச்சை மடியில் துப்பிவிட்டு, "சொல்லுங்க முதலாளி" என்றான் குழைவாக.

"சார், கர்ட்டன் கடையிலிருந்து பேசறேன்" என்றது பழக்கமில்லாத ஒரு பெண்குரல். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு உங்களுக்கு ஒரு வேலை இருந்துச்சில்ல, அது தள்ளிப்போகுது சார். துணி வந்து சேரல. மன்னிச்சுக்குங்க."

"நான் துணியே ஆர்டர் பண்ணலையேம்மா."

"உங்க நம்பர்தான் சார் போட்டிருக்கு." தாள் ஒன்று திருப்பப்படும் சத்தம் கேட்டது. "வீட்டுப் பேரு 'மெக்கானிக்'. என்ன வேலைன்னு எழுதல, ரெண்டு மணி நேரம்னு மட்டும் இருக்கு. ரெண்டு மணி நேரம்னா ஒரு ஜன்னலாத்தான் சார் இருக்கும். சின்ன வேலைதான். அடுத்த வாரம் முடிச்சுடுவாங்க."

கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க சார். நான் வந்து மூணு நாள்தான் ஆகுது. ஆனா ஒண்ணு கேக்கணும்னு தோணுது" என்று அந்தக் குரல் பரிவோடு தாழ்ந்தது. "இது பதினேழாவது தடவை தள்ளுறாங்க. மத்தவங்கன்னா மூணாவது தடவையே கத்தித் தீர்த்துடுவாங்க. நீங்க எப்படி சார் பொறுத்துக்கிட்டீங்க?"

நல்ல கேள்வி. இரண்டு வருஷமாக அவன் அக்காவும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆனால் இவ்வளவு மரியாதையாக இல்லை. "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடா, அந்தத் தையல் மெஷினோட. நீ சும்மா ஊசிக்கு நூல் கோத்துக் குடுத்துக்கிட்டு இரு" என்பாள்.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் போன்றதல்ல. அவன் கம்பெனி அவனை மேற்பார்வையாளராக உயர்த்தி, பதினோரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிற ஒரு பெரிய நகரத்துக்குப் போகச் சொல்லியிருந்தது. போன வருஷமே ஒருமுறை சொன்னார்கள். அப்போது அவளுக்காக வேண்டாம் என்றுவிட்டான். இரண்டாவது முறை கேட்பதே அதிசயம் என்றும், திங்கட்கிழமைக்குள் பதில் தராவிட்டால் மூன்றாவது முறை கேட்கப்போவதில்லை என்றும் மேலாளர் சொல்லியிருந்தார். கடிதத்தை மெக்கானிக் அவளிடம் காட்டினான். ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் அவள் ஏணியின் மேல் நின்றிருந்தாள். அங்கிருந்தபடியே படித்தாள். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு உங்க ரூமுக்கே வரேன். ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க" என்றாள். பிறகு, "அந்த வளையத்தை எடுங்க" என்றாள். அவன் எடுத்துக் கொடுத்தான்.

அவனுக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. 'போகாதீங்க' என்று அவள் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒருமுறை சொன்னால் போதும். போகமாட்டான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இப்போது துணி வந்து சேரவில்லை.

அவர்கள் காதல் ஆரம்பித்ததே ஒரு லிஃப்டில்தான். பத்தடி நீளத்துக்குக் கர்ட்டன் கம்பிகளைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, மூன்றாம் மாடியில் அவள் உள்ளே சிக்கிக்கொண்டாள். கதவைத் திறந்துவிட்ட மெக்கானிக்கைப் பார்த்து நன்றி சொல்வதற்குப் பதிலாக, "கம்பிய வளைச்சிட்டீங்களே" என்று சண்டை போட்டாள். அந்தச் சண்டை முடிவதற்குள் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. முப்பத்தெட்டு வயதில் இப்படியெல்லாம் நடக்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதன்பிறகு காதல் வளர்ந்ததைவிடக் கடை வேகமாக வளர்ந்தது. இரண்டு மெஷின் ஐந்தாயிற்று, ஐந்து ஒன்பதாயிற்று. அறை போய் ஒரு மாடி, மாடி போய் மூன்று மாடி. மற்ற ஜோடிகள் பூங்காவில் உட்கார்ந்தார்கள். இவர்கள் அடுத்தவர் வீட்டு ஜன்னல்களில் நின்றார்கள். அவள் இன்ச் டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பாள், அவன் மறுமுனையைப் பிடிப்பான். "தொண்ணூத்தி நாலு" என்பாள். "தொண்ணூத்தி நாலு" என்று அவன் திருப்பிச் சொல்வான். அதில் அவனுக்கு ஒரு கிறுக்குத்தனமான சந்தோஷம் இருந்தது. டேப்பைச் சுருட்டும்போது இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டுமல்லவா? அந்த ஆறேழு அடிக்காக அவன் ஊரிலிருக்கிற எல்லா ஜன்னலையும் அளக்கத் தயாராக இருந்தான்.

கடையில் ஆர்டர்கள் குழம்பி அவள் தலையைப் பிய்த்துக்கொண்ட முதல் மாதத்தில், ஒரு பலகை அறுத்து, ஆணி அடித்து, சுவரில் மாட்டிக்கொடுத்ததும் அவன்தான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கார்டு. அளவு எடுத்ததும் ஒரு வரிசை, தைக்கும்போது ஒரு வரிசை, மாட்டியபின் கீழே. ஆணி அடித்துக்கொண்டே அவன் ஒரு தொழில் ரகசியமும் சொல்லிக்கொடுத்தான்.

"எங்க ஆபீஸ்ல லிஃப்ட் ரிப்பேருக்கு லேட்டாச்சுன்னா, கஸ்டமர்கிட்ட என்ன காரணம் சொன்னோம்னு கார்டு பின்னாடி எழுதி வச்சுடுவாங்க முதலாளி. ஒரே காரணத்தை ரெண்டு தடவை சொன்னா ஆளுக்குக் கோபம் வரும். புதுசா ஒண்ணு சொன்னா பாவம்னு நினைச்சுக்குவான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று மாலையே நூறு வெற்றுக் கார்டு வாங்கினாள்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு அவன் கடை வாசலில் நின்றான். தரைத்தளத்தில் துணிச் சுருள்கள், முதல் மாடியில் மெஷின்கள், இரண்டாம் மாடியில் வெட்டும் மேசை. போன் அறை படிக்கட்டை ஒட்டி, கண்ணாடித் தடுப்போடு இருந்தது. பழைய போன்காரம்மா, மகளின் பிரசவத்துக்காக வியாழக்கிழமையோடு நின்றுவிட்டிருந்தார். புதிதாக வந்த பெண், படிய வாரிய தலையும் அதைவிடப் படிய அடுக்கிய மேசையுமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் அவன் அடித்த பலகை, இப்போது நான்கு மடங்கு பெரிதாகி.

"யார் சார் வேணும்?"

"மெக்கானிக்."

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?"

"வீட்டுப் பேரு மெக்கானிக்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சார், நீங்களா! நேர்லயே வந்துட்டீங்களா? உங்க கார்டு டிராயர்ல தனியா கிடந்துச்சு சார். அந்தம்மா மறந்து போட்டுட்டாங்கபோல. நான்தான் எடுத்துப் பலகையில மாட்டினேன். இல்லன்னா உங்கள யாரு கவனிச்சிருப்பா?"

கார்டை அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். மூலைகள் மழுங்கி, மத்தியில் ஒரு தேநீர்க் கறையோடு இருந்தது. முன்பக்கம் அவன் எண், 'மெக்கானிக்', 'ஞாயிறு ஐந்து மணி', 'இரண்டு மணி நேரம்'. பின்பக்கத்தைத் திருப்பினான்.

ஒன்று, தலைவலி. இரண்டு, வேன் பழுது. மூன்று, சித்திக்கு மயக்கம்.

சித்தி என்பது அவளோடு இருக்கிற அவள் அம்மாவின் தங்கை. மயக்கம் என்று கேட்டதும் மெக்கானிக் அன்று ஒரு கிலோ ஆப்பிளோடு வீட்டுக்கு ஓடினான். கதவு திறந்திருந்தது. சித்தி ஸ்டூல்மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மயக்கம் வந்தவங்க ஏறுற இடமா இது? இறங்குங்க சித்தி" என்று அதட்டி, துணியைப் பிடுங்கி, வீட்டிலிருந்த மூன்று மின்விசிறிகளையும் அவனே துடைத்துக்கொடுத்தான். சித்தி அவனை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சோபாவில் சாய்ந்து, "இப்பக் கொஞ்சம் பரவாயில்லப்பா" என்று ஆப்பிளைக் கடித்தார்.

ஆறு, பெரிய டெய்லரின் மாமனார் காலமானார்.

இதற்கும் போயிருக்கிறான். தையல் பகுதியின் தலைவரான பெரிய டெய்லரின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டாராமே அண்ணே" என்றான். "ஆமாம் தம்பி, போயிட்டாரு" என்று பெரிய டெய்லர் கண்கலங்கினார். அதில் பொய் எதுவும் இல்லை. மாமனார் போனது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. இப்போது பார்த்தால் அந்த ஆறாவது வரி பெரிய டெய்லரின் கையெழுத்து. பத்தாவது வரி வேன் ஓட்டுகிறவருடையது. பதின்மூன்றாவது, பழைய போன்காரம்மாவின் சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு மாலையும் அவனோடு தேநீர் குடித்து, "எப்ப தம்பி கல்யாணச் சாப்பாடு?" என்று தோளில் தட்டிய ஆட்கள்! அவன் காதலை அவர்கள் எல்லோரும் சேர்ந்து, ஷிஃப்ட் போட்டு நடத்தியிருக்கிறார்கள். பதினேழாவதாக, மை காயாமல், 'துணி வரவில்லை'.

கார்டின் வலது மேல்மூலையில் ஒரு சிறு கட்டம் உண்டு. வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர் என்று இரண்டு வார்த்தையில் குறிக்கிற இடம். பலகையில் பக்கத்துக் கார்டுகளைப் பார்த்தான். 'கத்துவார், முதலில் முடி.' 'மனைவியிடம் கேட்கவும்.' 'அரை அங்குலம் தப்பினாலும் திருப்பி அனுப்புவார்.' அவனுடைய கட்டத்தில், அவனுக்கு நன்றாகத் தெரிந்த, 'ள' வுக்கு வால் நீட்டிய எழுத்தில், முதல் மாதத்துத் தேதியோடு, 'பொறுமையானவர், தள்ளலாம்.'

பதினேழு பொய்யும் சேர்ந்து செய்யாததை அந்த இரண்டு வார்த்தை செய்தது. பொய்யாவது ஆளை இழந்துவிடக்கூடாது என்ற பயத்தில் சொல்வது. இது கணிப்பு. முதல் மாதத்திலேயே, அவன் ஆணி அடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அவள் அவனை அளந்து எழுதிவிட்டிருக்கிறாள். அளவெடுப்பதில் அவள் தப்பு செய்கிறவள் இல்லை.

இரண்டாம் மாடியில் அவள் வெட்டும் மேசைமேல் குனிந்து, சாம்பல் நிறத் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு அறை கொண்ட ஹோட்டலின் துணி. எதிரே பெரிய டெய்லர் கத்தரியோடு நின்றார்.

"மெக்கானிக் சார்! என்ன இந்நேரத்துல? அந்த முனையக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்றாள் நிமிராமல்.

கை தானாகத் துணிக்குப் போயிற்று. அதை அவன் திரும்ப இழுத்துக்கொண்டு, கார்டை மேசைமேல் வைத்தான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பெரிய டெய்லர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா, நான் கீழ பட்டன் பெட்டி பாத்துட்டு வந்துடறேன்" என்று நழுவப்பார்த்தார். கர்ட்டன் கடையில் ஏது பட்டன்?

"இருங்கண்ணே. ஆறாவது உங்களுதுதானே?" என்றான் மெக்கானிக்.

"தம்பி... பாப்பா அவசரமாக் கேட்டுச்சு. வாயில வந்ததச் சொன்னேன். உங்க மேல எனக்கு எவ்வளவு மதிப்புன்னா..."

"மாமனாரையே குடுத்திருக்கீங்க. தெரியுதுண்ணே."

பெரிய டெய்லர் போய்விட்டார். அவள் சாக்குக்கட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. எனக்குத் தலைக்குமேல வேலை. கார்டு போடாத எதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறதில்ல, அது உங்களுக்கே தெரியும். என் பிறந்தநாளே எனக்கு ஞாபகம் இல்ல. உங்கள மறந்துடக் கூடாதுன்னுதான் கார்டு போட்டேன்."

"நல்ல கார்டு."

"மத்த கஸ்டமருங்க மூணு தடவை தள்ளினா ஆர்டரையே ரத்து பண்ணிடுவேன். உங்களத நான் ரத்து பண்ணவே இல்ல. ரெண்டு வருஷம். யோசிச்சுப் பாருங்க."

அவன் யோசித்தும் பார்த்தான். அவள் அதை ஒரு பாசமாகவே சொல்கிறாள் என்று புரிந்தது. அதனால்தான் சிரிக்கவும் முடியவில்லை.

"இதுல எத்தனை நிஜம்?"

"எல்லாமே பொய்யில்ல. ரெண்டு மூணு நிஜம்."

"எந்த ரெண்டு மூணு?"

அவள் கையை நீட்டி, கார்டைத் திருப்பி, விரலை வரிவரியாக ஓட்டினாள். "எட்டு... இல்ல, எட்டு இல்ல. ஒம்பதாவதுன்னு நினைக்கிறேன். வேன் ஒரு தடவை நிஜமாவே..." அவள் விரல் வேன் இருந்த இரண்டாவது வரிக்கும் ஒன்பதாவது வரிக்கும் நடுவே அலைந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். அதே விரல் எத்தனையோ ஜன்னல்களில் டேப்பின்மேல் ஊர்ந்து, கால் அங்குலம்கூடத் தவறாமல் நின்றதை அவன் பார்த்திருக்கிறான்.

"சரி, விடு" என்றான். "நாளைக்கு? அந்தப் பொண்ணு போன் பண்ணலன்னா நாளைக்கு வந்திருப்பியா?"

"ஞாயித்துக்கிழமை எல்லா கார்டையும் தள்ளுன்னுதான் சொன்னேன். ஹோட்டல்காரன் ஒரு வாரம் முன்னாடியே கேக்கறான். உங்க கார்டு பலகையில இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"அது இல்ல நான் கேட்டது."

மாடியில் துணி தூக்கும் ராட்டினம் கிறீச்சிட்டது. கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷப் பழக்கம், கஷ்டமாக இருந்திருக்காது. ஆனால் அன்றைக்குப் பார்த்து அவளுக்கு உண்மை பேசத் தோன்றியது.

"என்ன காரணம் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

மெக்கானிக் தலையை ஆட்டினான். லிஃப்ட் ஏன் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் அவன் அப்படித்தான் ஆட்டுவான்.

"நாளைக்கு வரேன். ஹோட்டலாவது மண்ணாவது. அஞ்சு மணி. சத்தியமா" என்று அவள் பின்னாலேயே படிவரை வந்தாள். போன் அறையைத் தாண்டும்போது புதுப் பெண் எழுந்து நின்று, "சார், அடுத்த வாரம் கண்டிப்பா" என்று கையசைத்தாள். அந்தக் கடையிலேயே அவனுக்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் என்பதால், அவனும் கையசைத்தான்.

சனிக்கிழமை அவன் அலுவலகம் இரண்டு மணிவரை உண்டு. ஒன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தான். மேலாளர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கேப்பா. யார்கிட்டயோ கலந்து பேசணும்னியே?"

"பேசிட்டேன் சார்."

கையெழுத்துப் போட்டான். வெள்ளிக்கிழமை கிளம்பவேண்டும். வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தான். "போறேன்க்கா" என்றான். எப்போதும் மணிக்கணக்காகப் பேசுகிற அக்கா, அன்று ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். கேலி செய்ய அவளுக்கே மனசில்லை என்றால் தன் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது.

மெக்கானிக்கின் அறை நாலாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில். ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கையில் பையில்லை, டேப்பில்லை. "போனைக் கடையிலேயே வச்சுட்டு வந்துட்டேன்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அந்த அறைக்கு அவள் வந்ததே அன்றுதான். சுற்றிப் பார்த்தவளின் கண், பழக்கதோஷத்தில், முதலில் ஜன்னலுக்குப் போயிற்று. அதில் கர்ட்டன் இல்லை. ஒரு பழைய வேட்டியை ஆணியில் மாட்டியிருந்தான். அவள் எதையோ சொல்லவந்து அடக்கிக்கொண்டாள்.

உட்கார்ந்தாள். அவன் தேநீர் போட்டான். அவள் பேச ஆரம்பித்தாள்.

என்னவெல்லாம் பேசினாள்! இருபத்திரண்டு வயதில் அப்பா போனபோது வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைத்த கதை. அன்றைக்குத் தெருவில் நின்றவள் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டே இருப்பது. ஒரு ஆர்டரை விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம். அவன் ஒருவன் மட்டும் போகமாட்டான் என்று எங்கிருந்தோ வந்த தைரியம். "போகமாட்டீங்கன்னு நினைச்ச ஒரே ஆள்கிட்டதான் நான் தள்ளினேன். வேற யார்கிட்டயும் எனக்கு அந்த உரிமை இல்லையே" என்றாள். ஹோட்டல் வேலையைப் பெரிய டெய்லரிடம் விட்டுவிடுவதாகச் சொன்னாள். அடுத்த மாதமே பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடைக்குப் பூட்டு என்றாள். நடுவில் அழுதாள், அழுதுகொண்டே சித்தியின் மின்விசிறியை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. ஒரு ஐந்து நிமிஷம் இருவரும் பழையபடி இருந்தார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதோடு நின்றது. அவள் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும், அவன் மனசு கேட்காமலே அதற்கு ஒரு எண் போட்டது. பதினெட்டு. பத்தொன்பது. அவள் நிஜம் பேசினால் எப்படியிருக்கும் என்று ஒத்துப்பார்க்க அவனிடம் பழைய சரக்கு எதுவும் இல்லை. இருந்த இரண்டு மூன்றையும் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

ஏழு மணி ஆயிற்று. வேட்டி வழியாக வந்த வெளிச்சம் மங்கிவிட்டது. அவள் காலிக் கோப்பையைத் தரையில் வைத்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போகாதீங்க" என்றாள்.

சொல்லிவிட்டாள். அவன் எப்படிக் கேட்க ஆசைப்பட்டானோ, அப்படியே, உட்கார்ந்து, முகம் பார்த்து.

"நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான்.

அவளுக்கு உடனே புரியவில்லை. "எதுல?"

"கடைக்கு வந்துட்டு நேரா ஆபீஸ் போனேன். வெள்ளிக்கிழமை கிளம்பறேன்."

"அப்ப... இந்த ரெண்டு மணி நேரமா நான் பேசினது?"

"நீ இப்படி வந்து உக்காந்தது இதுதான் முதல் தடவை. நடுவுல நிறுத்த மனசு வரல."

அவள் எழுந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தான். வந்திருந்தால் பதில் சொல்ல அவனிடம் நிறைய இருந்தது. வரவில்லை. தன்னை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல ஒரு பார்வைதான் வந்தது. அந்தப் பார்வையை அவன் நேற்று போன் அறைக் கண்ணாடியில், தன் முகத்தில், பார்த்திருந்தான்.

"நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கல" என்றாள். "நீங்க."

செருப்பை மாட்டிக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. மெக்கானிக் படிக்கட்டு விளக்கைப் போட்டான். அது பாதி மாடிக்குத்தான் எரியும்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வண்டி" என்றான். ஏன் சொன்னான் என்று தெரியவில்லை.

அவள் இரண்டு படி இறங்கிவிட்டிருந்தாள். திரும்பாமலே, "வெள்ளிக்கிழமை ஹோட்டல்ல மாட்டுற நாள்" என்றாள்.

நிஜமா என்று அவன் கேட்கவில்லை. நிஜம் என்று அவளும் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் இரண்டாம் மாடிவரை கேட்டது. அதற்குக் கீழே கேட்கவில்லை.